மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு விமானம் என்றால் ஏன் இத்தனை பைத்தியம்?

"ஞாயிற்றுக்கிழமையானால் மோட்டாரைக் கிளப்பிக்கொண்டு போய் விமான நிலைய வேலியோரம் நிற்கிறார்கள். வயதான பிறகும் இந்தப் பைத்தியம் விடுவதில்லை. பைக்குக்கும் விமானத்துக்கும் அப்படி என்ன சம்பந்தம்?" இதுதான் கேள்வி. கேட்டிருக்கிற தோரணையைப் பார்த்தால் உங்கள் வீட்டிலும் அப்படி ஓர் ஆள் இருக்கிறார் போலத் தெரிகிறது. கணவராக இருக்கலாம், அண்ணனாக இருக்கலாம். கேஸ் தோம்பு மாற்ற ஆள் இல்லாத நேரத்தில் கோபத்தோடு தட்டிவிட்ட கேள்வி என்று நினைக்கிறேன். தவறான ஊகமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த "வயதான பிறகும்" எனக்குச் சுருக்கென்று பட்டது. அதனால்தான் பதில்.

நான் மலேசியாவில் பந்திங்காரன். பிறந்தது தோட்டத்து லயத்தில், இப்போது இருப்பது தாமான் குடியிருப்பில். செம்பனை எண்ணெய் ஆலையில் பிட்டர் வேலை. தலை நரைத்து நாளாகிறது. ஓட்டுவது ஹோண்டா இஎக்ஸ்5, முன்னால் கூடை வைத்தது. அந்த வேலியோரக் கூட்டத்தில் நானும் ஒருவன்.

இதைப் படித்ததும் "மாட் ரெம்பிட் கூட்டம்" என்று கீழே எழுதச் சிலர் வருவார்கள். ஐயா, நடுரோட்டில் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டுகிறவன் வேறு, கூடையில் மழைக்கோட்டை மடித்து வைத்துக்கொண்டு மணிக்கு 80ஐத் தாண்டாத நாங்கள் வேறு. எங்களில் ஆசிரியர் இருக்கிறார், லோரி ஓட்டுகிறவர் இருக்கிறார், பட்டறை வைத்திருக்கிற ஒருவன் இருக்கிறான். தே ஓ ஐஸ் குடிப்போம், விமானம் பார்ப்போம், இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போய்விடுவோம். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு விமானம் எப்படிப் பழக்கம் என்று கேட்கலாம். 1998ல் சிப்பாங்கில் கேஎல்ஐஏ என்கிற கோலாலம்பூர் விமான நிலையம் திறக்கும் வரை எல்லாம் சுபாங் விமான நிலையம்தான். ஒருத்தர் இந்தியாவுக்குப் போகிறார் என்றால் வேன் பிடித்துக்கொண்டு பாதி லயம் வழியனுப்பப் போகும். அங்கே மாடியில் நின்று கையசைக்க இடம் உண்டு. பெரியவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்பார்கள், பிள்ளைகள் நாங்கள் கம்பியில் தொற்றிக்கொண்டு விமானத்தை எண்ணுவோம். அப்புறம் விமான நிலையமே எங்கள் பக்கம் வந்துவிட்டது. செம்பனை நின்ற இடத்தில் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடுபாதை போட்டார்கள். மோட்டாருக்கு டோலும் கிடையாது. போகாமல் இருக்க முடியுமா, சொல்லுங்கள்.

சரி, சம்பந்தத்துக்கு வருகிறேன். எனக்கு அது பிடிபட்டது வேலியோரத்தில் இல்லை, விமானத்துக்குள்ளே.

மூத்த மகள் வேலைக்குப் போன பிறகு என் பிறந்தநாளுக்கு ஒரு பறக்கும் கிளப்பில் அறிமுகப் பயணத்துக்குப் பணம் கட்டிவிட்டாள். இருபக்கமும் ஸ்டீயரிங் வைத்த சின்ன செஸ்னா 172. பயிற்சியாளர் பக்கத்தில் இருப்பார், மேலே போனதும் கொஞ்ச நேரம் நம் கையில் கொடுப்பார். கீழே இறக்குவது அவர் வேலை. "எவ்வளவும்மா கட்டினே?" என்று கேட்டேன், சொல்ல மறுத்துவிட்டாள். இன்றுவரை சொல்லவில்லை.

பயிற்சியாளர் ஒரு மலாய் இளைஞர். என் மகளை விட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும். "அங்கிள், பயமா?" என்று கேட்டார். பயம் எங்கே? எனக்குக் கண் முழுக்க எஞ்சின் மேலேதான். இறக்கைக்கு அடியில் குழாய் மாதிரி ஒரு கண்ணாடிக் குவளையை அழுத்தி எண்ணெயை, அதாவது விமானப் பெட்ரோலை, கொஞ்சம் இறக்கினார். நீல நிறம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். தண்ணீர் கலந்திருந்தால் எண்ணெயை விடக் கனமாக இருப்பதால் அடியில் முத்துமுத்தாகத் தங்கிவிடும். ராத்திரி முழுக்க வெளியே நிற்கிற தொட்டிக்குள் ஈரம் வேர்த்து அப்படிச் சேரும் என்றார். இதை எனக்குச் சொல்ல வேண்டுமா? மழைக்காலத்தில் தோட்டத்து மோட்டார்களில் கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டியே வளர்ந்த ஆள் நான்.

ஓடுபாதைக்குப் போகும் முன் நிறுத்தி எஞ்சினை முறுக்கினார். சாவியை ஒரு பக்கம் திருப்பினார், ஆர்பிஎம் கொஞ்சம் இறங்கியது. மறுபக்கம் திருப்பினார், அதே மாதிரி கொஞ்சம் இறங்கியது. "இரண்டு மேக்னட்டோவா?" என்று கேட்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பழைய மோட்டார்களில் பேட்டரி இல்லாமலே பிளக்குக்குத் தீப்பொறி கொடுத்த அதே மேக்னட்டோதான். பேட்டரி செத்தாலும் எஞ்சின் ஓட வேண்டும் என்பதற்காக விமானத்தில் இன்னும் அதை விடாமல் வைத்திருக்கிறார்கள், ஒன்றுக்கு இரண்டாக. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக். அந்த நிமிஷத்திலிருந்து அவர் என்னைப் பயணியாக நடத்தவில்லை.

மேலே போய்க் கடலோரமாகத் திரும்பியதும் கையில் கொடுத்தார். "வலது பக்கம் மெதுவாகத் திருப்புங்கள், மூக்கைக் கீழே விடாதீர்கள்." திருப்பினேன். இறக்கை சாய்ந்தது, நானும் அதோடு சாய்ந்தேன். அவர் சிரித்துவிட்டார். முதல்முறை ஏறுகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் விமானம் வலது பக்கம் சாய்ந்தால் உடம்பை இடது பக்கம் இழுத்துக்கொள்வார்களாம், விழுந்துவிடுவோம் என்று. "அங்கிள் மோட்டார் ஓட்டுவீர்களா?" என்று அவரே கேட்டார்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. காரில் வேகமாக வளைவு திரும்பினால் உங்களைக் கதவுப் பக்கம் தள்ளும். மோட்டாரிலும் விமானத்திலும் பக்கவாட்டில் தள்ளாது, இருக்கையோடு சேர்த்துக் கீழே அழுத்தும். இரண்டும் சாய்ந்து திரும்புகிற வண்டிகள். செஸ்னாவின் மீட்டர் தட்டில் வளைந்த கண்ணாடிக் குழலுக்குள் ஒரு கறுப்புக் குண்டு இருக்கிறது. சரியாகச் சாய்த்துத் திருப்பினால் அந்தக் குண்டு நடுவிலேயே நிற்கும். கால் மிதியில் கூடக் குறைய மிதித்தால் ஒரு பக்கம் ஓடிவிடும். உயரம் குறையாமல் 45 பாகை சாய்த்துத் திரும்பினால் உங்கள் எடை 1.4 மடங்காகத் தெரியும், 60 பாகைக்கு இரண்டு மடங்கு. மோட்டாரிலும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். சிப்பாங் பந்தயத் தடத்தில் மோட்டோஜிபி ஓட்டுகிறவர்கள் 60 பாகைக்கும் மேல் சாய்க்கிறார்கள், முழங்கை தரையில் உரசும். அந்தத் தடம் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதை யாரோ எங்களுக்காகவே யோசித்துச் செய்ததாக எங்கள் ஆசிரியர் சொல்வார்.

இரண்டும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை, விமானப் பொறியியல் படித்தவர்கள் அடிக்க வராதீர்கள். வேகமாகப் போகும் மோட்டாரை வலது பக்கம் சாய்க்க வலது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும், விமானத்தில் அப்படி இல்லை. மோட்டாரில் டயர் தரையைப் பிடிக்கிறது, அங்கே காற்றுதான் எல்லாம். நான் சொல்வது உடம்புக்குப் பழகின ஒன்றைப் பற்றி. செம்பனை வரிசைக்குள் அமைதியாகப் போய்க்கொண்டிருந்துவிட்டு மோரிப் பக்கம் திறந்தவெளிக்கு வந்ததும் கடல்காற்று ஒரு பக்கமாக வந்து மோதும். காற்று வருகிற பக்கம் வண்டியை லேசாகச் சாய்த்தால்தான் நேராகப் போகலாம். அப்படி ஓட்டுகிறவன், பெரிய விமானம் காற்றுக்கு மூக்கைத் திருப்பி நண்டு மாதிரி ஒருக்களித்து இறங்கி வந்து, கடைசி நொடியில் நேராக்கிச் சக்கரத்தை வைப்பதைப் பார்த்தால் சும்மா பார்க்க மாட்டான். அவன் கையும் சேர்ந்து அசையும். அதைத்தான் உங்கள் வீட்டுக்காரர் வேலியோரம் நின்று பார்க்கிறார்.

மேலிருந்து பார்த்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். செம்பனையை முக்கோணமாக நடுவார்கள், மரத்துக்கு மரம் ஏறக்குறைய 9 மீட்டர். ஆலைக்கு வரும் குலைகளோடு இத்தனை வருஷம் மல்லுக்கட்டியும் எனக்கு அது ஒரு கணக்காகத்தான் தெரியும். விமானம் நகர நகர வரிசைகள் ஒரு திசையில் திறந்து மூடி, அடுத்த திசையில் திறக்கின்றன. தோட்டத்து மேனேஜர்கள் இதைப் பார்த்திருப்பார்களோ என்னவோ.

விமானம் இறங்கும்போது டயரில் புகை வருமே, அது எங்கள் கூட்டத்துக்குத் தனிச் சந்தோஷம். சுற்றாமல் தொங்கிக்கொண்டிருக்கிற டயர் மணிக்கு 250 கிலோமீட்டர் வாக்கில் தரையைத் தொடுகிறது. சுற்றத் தொடங்கும் வரை தேய்கிறது, அதுதான் புகை. என் மோட்டார் டயரில் சதுர அங்குலத்துக்கு முப்பது பவுண்டு சொச்சம் காற்று அடிப்பேன். பெரிய பயணி விமான டயரில் 200 பவுண்டு வாக்கில், அதுவும் நைட்ரஜன். அந்தச் சூட்டையும் எடையையும் தாங்குவதற்கு விமான டயரில் இன்றும் பெரும்பங்கு இயற்கை ரப்பர்தான் போடுகிறார்கள், செயற்கை ரப்பர் அந்த அளவுக்குத் தாங்காது. எங்கள் அம்மா விடியற்காலையில் நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு பால்மரம் சீவியவர். விமானத்தில் ஏறியதே இல்லை. ஆனால் நான் இதைச் சொன்ன நாளிலிருந்து "கீழே இறங்கணும்னா எங்க பால் வேணும்ல" என்று பக்கத்து வீட்டிலெல்லாம் பெருமை அடித்துக்கொண்டிருந்தார்.

இந்தப் பைத்தியம் எங்களோடு தொடங்கியதும் இல்லை. கிளென் கர்ட்டிஸ் என்ற அமெரிக்கர் 1907ல் எட்டு சிலிண்டர் மோட்டாரில் மணிக்கு 136 மைல் ஓட்டினார், அடுத்த வருஷமே தன் விமானத்தில் பறந்தார். பிஎம்டபிள்யூ முதலில் விமான எஞ்சின் செய்த கம்பெனி. முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியில் அதற்குத் தடை வந்தது, 1923ல் மோட்டார் செய்தார்கள். எனக்குப் பிடித்தது சோய்சிரோ ஹோண்டா கதை. 1917ல் ஹமாமட்சு ஊரில் ஆர்ட் ஸ்மித் என்ற விமானி சாகசம் காட்ட வந்தார். பையன் அப்பாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். உயரம் பற்றாததால் சட்டத்துக்குள் காலை விட்டு மிதித்தே போனான். உள்ளே போகக் காசு இல்லை, மரத்தில் ஏறிப் பார்த்தான். அவர் பெயரிலுள்ள கம்பெனியின் ஜெட் விமானத்துக்கு 2015ல் அமெரிக்காவில் சான்றிதழ் கிடைத்தது. அதே கம்பெனியின் மோட்டாரைத்தான் நான் ஓட்டுகிறேன்.

மோட்டார் என்றதும் ஞாபகம் வருகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் எங்கேயாவது கொட்டித் தீர்க்க வேண்டும். "பத்து நிமிஷம் மச்சான், பசார் மாலாம் வரைக்கும்" என்று ராத்திரிச் சந்தைக்கு வண்டியை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் ஏன் எண்ணெய் ஊற்றுவதே இல்லை? பத்து நிமிஷம் என்பது ராத்திரி பதினொன்று. முள் அடியில் கிடக்கும். கூடைக்குள் நாசி லெமாக் சுற்றின காகிதம், ஒரு சம்பல் கறை. ஸ்டாண்டு போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு, சாவியை என் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள், என் முகத்தைப் பார்க்க வெட்கம். செயினுக்கு எண்ணெய் போடுவதைப் பற்றி நான் பேசவே இல்லை. பெட்ரோல், வெறும் பெட்ரோல். அந்த வீட்டில் கார் வேறு இருக்கிறது, அதை யாரும் தொடக்கூடாதாம். சொல்லிவிட்டேன், மனசு ஆறியது.

"இதெல்லாம் காசு இருப்பவன் விளையாட்டு" என்பார்கள். பாதி உண்மை. தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், மருத்துவப் பரிசோதனையும் தேர்வுகளும் தனி. மணிக்கணக்கில் காசு கரையும். ஆனால் நான் சொன்ன பட்டறைக்காரன் தன் பெரிய பைக்கை விற்று அந்தப் பணத்தில் பறக்கக் கற்றுக்கொண்டான், உரிமமும் எடுத்துவிட்டான். இப்போது எங்களோடு வருவது ஒரு பழைய கப்சாய், அதாவது சின்ன மோட்டாரில். அவன் மனைவி திட்டவில்லையா என்றால், திட்டினார். முதல் ஆளாக அவனோடு பறந்ததும் அவர்தான்.

உங்கள் வீட்டு ஆளுக்கு ஏதாவது செய்ய நினைத்தால் ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாம் வாங்காதீர்கள். அதெல்லாம் அவரிடம் இருக்கும். அறிமுகப் பயணம் ஒன்று பதிந்து கொடுங்கள். காலை நேரமாகக் கேளுங்கள், மத்தியானத்துக்கு மேல் நம் ஊரில் இடி மழை வந்து தள்ளிப்போட்டுவிடுவார்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டாம். பதியும்போது எடை எத்தனை கிலோ என்று கேட்பார்கள், அவர் சொல்வதை நம்பாமல் தராசில் ஏற்றிப் பார்த்துச் சொல்லுங்கள். சின்ன விமானம், ஆளையும் எண்ணெயையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகுதான் கிளப்புவார்கள்.