சொந்தமா லேப் நடத்துறவங்களுக்கு ஆராய்ச்சி கிராண்ட் கிடைக்குமா?

வணக்கம் சார்,

குடியாத்தத்துல சின்னதா ஒரு பிளட் டெஸ்ட் சென்டர் நடத்துறேன். எம்.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி முடிச்சு பிஎச்.டி. சேர்ந்தேன், கல்யாணம் குழந்தைன்னு பாதியில நின்னுபோச்சு. எங்ககிட்ட வர்ற பீடி சுத்துற பொம்பளைங்க நிறைய பேருக்கு ஹீமோகுளோபின் எட்டு, ஒன்பதுதான் இருக்கு. அவங்கள்ல சில பேருக்கு வெறும் வயித்து சுகர் நார்மல், ஆனா மூணு மாச சராசரி சுகரைக் காட்டுற எச்பிஏ1சி மட்டும் 6.6, 6.8னு வருது, அதைப் பார்த்து சுகர் மாத்திரை ஆரம்பிச்சிடுறாங்க. இதை முறையா ஆராய்ச்சி பண்ண இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்ல (ஐசிஎம்ஆர்) நான் தனியா அப்ளை பண்ண முடியுமா? ட்ரஸ்ட் ஆரம்பிச்சா கிடைக்கும், நானே எழுதி வாங்கித் தர்றேன்னு ஒருத்தர் முன்பணம் கேக்குறார். ஆறு வருஷ ரிப்போர்ட் கம்ப்யூட்டர்ல இருக்கு, அதை வச்சே பண்ணலாமா?

ஒரு வாசகி, குடியாத்தம்

வணக்கம்மா,

முதல்ல அந்த முன்பணம். ஒரு ரூபா கூட குடுக்காதீங்க. ஐசிஎம்ஆர் புரொபோசல் ஆன்லைன்ல போடுறது, எக்ஸ்பர்ட் கமிட்டி படிச்சு முடிவு பண்றது, நடுவுல புகுந்து யாரும் வாங்கித் தர முடியாது. அதோட பீடி சுத்துறவங்க ரத்தத்தைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சதுல நூத்துல ஒரு பங்கு கூட அவருக்குத் தெரிஞ்சிருக்காது, அவர் எழுதுற புரொபோசல் எப்படி இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

தனி ஆளா ஐசிஎம்ஆர்ல முடியாது. யுனிவர்சிட்டி, மெடிக்கல் காலேஜ், ஆராய்ச்சி நிறுவனம் இந்த மாதிரி இடத்துல நிரந்தர வேலையில இருக்கிறவங்கதான் அப்ளை பண்ணலாம், பணமும் ஆளு பேருக்கு வராது, அந்த நிறுவனத்தோட கணக்குக்குத்தான் வரும். தொண்டு நிறுவனமும் அப்ளை பண்ணலாம், ஆனா மத்திய அரசோட அறிவியல், தொழில் ஆராய்ச்சித் துறை (டிஎஸ்ஐஆர்) அங்கீகாரம் வேணும், அதுக்கு ஆடிட் பண்ண கணக்கு, சொந்தமா ஆராய்ச்சி வசதி, ஆளுங்க எல்லாம் காட்டணும். இன்னைக்கு ட்ரஸ்ட் பதிவு பண்ணி நாளைக்கு கிராண்ட் வாங்குற கதையெல்லாம் கிடையாது. பயோடெக் தொழிலுக்கு உதவுற மத்திய அரசு நிறுவனம் பைராக்ல பிக்னு ஒரு திட்டம் இருக்கு, 18 மாசத்துக்கு 50 லட்சம் வரைக்கும், தனி ஆளும் அப்ளை பண்ணலாம், ஆனா அது புதுசா ஒரு கிட்டோ கருவியோ மருந்தோ செஞ்சு மார்க்கெட்டுக்குக் கொண்டுபோறவங்களுக்கு. உங்களோடது அது இல்ல, அதுக்காக கேள்வியை வளைச்சு கிட் ஆக்காதீங்க.

எனக்கு இதுல வருத்தம் உண்டு. நீங்க பார்த்த விஷயம் பெரிய ஆஸ்பத்திரி லேப்ல ஒரு நாளைக்கு ஓடுற ஆயிரக்கணக்கான டியூப்ல யார் கண்ணுலயும் படாது, தினம் அதே தெருவுல இருந்து வர்றவங்களுக்கு ஊசி போடுற உங்களுக்குத்தான் படும். உங்கள மாதிரி ஆளுங்களுக்கு நேரடியா ஒரு சின்னத் தொகை குடுக்கிற வழி இருக்கணும்னு நான் உறுதியா நினைக்கிறேன். ஆனா அது வர்ற வரைக்கும் உங்க கேள்வி காத்திருக்க வேணாம். பணத்தைத் தேடுறதுக்கு முன்னாடி கேள்விக்கு ஒரு வீடு தேடுங்க, இந்த பதில்ல நான் சொல்ல வர்றது முக்கியமா இதுதான்.

வேலூர் மாவட்டத்துல இருந்துகிட்டு அதுக்கு அலைய வேண்டியதில்ல. குடியாத்தத்துல இருந்து காட்பாடி வர்ற வழியில கே.வி.குப்பத்துல வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியோட (சிஎம்சி) கிராமப்புற சுகாதாரப் பிரிவு ரூஷா இருக்கு, 1977ல இருந்து சுத்துவட்டார கிராமங்கள்ல வேலை பண்றாங்க. பாகாயத்துல சிஎம்சியோட கம்யூனிட்டி ஹெல்த் ஆளுங்க இருக்காங்க. அடுக்கம்பாறை அரசு மெடிக்கல் காலேஜ்ல பயோகெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட் இருக்கு. அங்க ஒருத்தர் பி.ஐ. (முதன்மை ஆராய்ச்சியாளர்), நீங்க கோ-இன்வெஸ்டிகேட்டர் (இணை ஆராய்ச்சியாளர்), இப்படித்தான் போகணும். போகும்போதே யார் பேர் எங்க வரும், டேட்டா யார்கிட்ட இருக்கும், சாம்பிள் எங்க ஓடும்னு எழுத்துல வாங்கிக்கோங்க, சங்கடப்படாதீங்க, கேள்வி உங்களோடது.

1986ல நம்ம நாட்டுல எச்ஐவி இருக்குன்னு கண்டுபிடிச்சதும் இப்படித்தான். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல பி.ஜி. படிச்சுகிட்டிருந்த செல்லப்பன் நிர்மலா, அவங்க கைடு சுனிதி சாலமன், சாம்பிள் எல்லாம் மெட்ராஸ்ல, டெஸ்ட் பண்ற வசதி வேலூர் சிஎம்சில. நிர்மலா சாம்பிளை எடுத்துகிட்டு ராத்திரி ரயில்ல காட்பாடி வந்து இறங்கி, சிஎம்சி வைராலஜிஸ்ட் ஜேக்கப் ஜான் லேப்ல போட்டுப் பார்த்தப்போ ஆறு சாம்பிள் பாசிட்டிவ். கேள்வி ஒரு ஊர்ல, மெஷின் இன்னொரு ஊர்ல, ரெண்டையும் சேர்த்து வச்சது ஒரு மாணவி.

வேலையில பிரேக் விழுந்த பெண்களுக்குன்னு மத்திய அரசுல தனியா திட்டம் இருக்கு. பயோடெக்னாலஜி துறையோட (டிபிடி) பயோகேர், சுகாதார ஆராய்ச்சித் துறையில (டிஎச்ஆர்) பெண் விஞ்ஞானி பெல்லோஷிப், அறிவியல் தொழில்நுட்பத் துறையோட (டிஎஸ்டி) வைஸ்-கிரண். வயசு, படிப்புத் தகுதி எல்லாம் அந்தந்த அறிவிப்புல பாருங்க, இதுலயும் உங்களுக்கு இடம் குடுக்கிற ஒரு ஹோஸ்ட் இன்ஸ்டிடியூட் சம்மதக் கடிதம் வேணும், அதனால மறுபடியும் வீடுதான் முதல்ல.

அந்த ஆறு வருஷ ரிப்போர்ட். பழைய டேட்டாதானே, பேரை அழிச்சிட்டா போதும்னு நினைக்காதீங்க, அதுக்கும் எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வேணும். ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் கையெழுத்து வாங்க முடியாத நிலைமையில கன்சென்ட்ல விலக்கு கேக்கலாம், ஐசிஎம்ஆரோட 2017 வழிகாட்டுதல்லயே அதுக்கு இடம் இருக்கு, ஆனா குடுக்கிறது கமிட்டிதான், நாமளா எடுத்துக்க முடியாது. உங்களுக்குன்னு கமிட்டி இல்லாததால ஹோஸ்ட் காலேஜோட கமிட்டிக்குப் போகும். அதுல டாக்டருங்க மட்டும் இருக்க மாட்டாங்க, சட்டம் தெரிஞ்சவர், ஒரு சாதாரண பொதுஜனம் எல்லாரும் உண்டு, அந்த பொதுஜனம் கேக்குற கேள்விக்குத்தான் நல்லா தயாராகிப் போங்க. இன்னொண்ணு, உங்க ரிப்போர்ட்ல யார் பீடி சுத்துறவங்கன்னு எழுதியிருக்காது, லேபுக்கு வர்றவங்களே உடம்பு சரியில்லாதவங்கதான், அதனால பழைய டேட்டா சந்தேகத்தைக் காட்டும், நிரூபிக்காது. புரொபோசல்ல முன்னோட்டமா ஒரு பாரா வைக்க அது தங்கம்.

கேள்வியை கூர்மையாக்குங்க. சிவப்பணு ஆயுசு சுமார் 120 நாள், இரும்புச்சத்து கம்மியானா பழைய அணுக்கள் அதிகம் தங்கி சர்க்கரை கூட ஒட்டி எச்பிஏ1சி கொஞ்சம் ஏறிக் காட்டலாம், இது தெரிஞ்ச விஷயம்தான், உலகத்துக்கு நீங்க புதுசா சொல்லப்போறதில்ல. 6.5ஓ அதுக்கு மேலயோ இருந்தா சர்க்கரை வியாதின்னு வச்சிருக்கிற கோடு குடியாத்தம், பேர்ணாம்பட்டு பீடித் தொழிலாளிங்களுக்கு எத்தனை பேரை தப்பா அந்தப் பக்கம் தள்ளுதுங்கிறதுதான் உங்களோடது. தேசிய குடும்பநல சர்வே (என்எஃப்எச்எஸ்-5) படி தமிழ்நாட்டுல 15ல இருந்து 49 வயசு பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, மக்களைத் தேடி மருத்துவம்னு வீட்டுக்கே மாத்திரை போகுது, அப்போ தப்பா ஒரு பேர் லிஸ்ட்ல ஏறினா அந்தம்மா வருஷக்கணக்கா தேவையில்லாத மாத்திரை சாப்பிடுவாங்க. இதை முதல் பக்கத்துலயே எழுதுங்க.

சாம்பிள் சைஸ் நெட்ல பார்த்து 384னு போட்டுடாதீங்க. அது பாதிப் பேருக்கு இருக்கும்னு வச்சு, அஞ்சு சதவீதம் முன்னப்பின்ன துல்லியத்துல எத்தனை பேருக்கு இருக்குன்னு எண்ணுறதுக்கு வர்ற கணக்கு, உங்களோடது ரெண்டு டெஸ்ட் ஒத்துப்போகுதான்னு பார்க்கிற கணக்கு, ஸ்டாடிஸ்டிக்ஸ் தெரிஞ்சவர்கிட்ட ஆரம்பத்துலயே உக்காருங்க. இரும்புச்சத்து இருப்பைக் காட்டுற பெரிட்டின் மட்டும் பார்த்தா பத்தாது, உடம்புல இன்பெக்‌ஷனோ வீக்கமோ இருந்தா அது ஏறிக் காட்டும், புகையிலைத் தூள்லயே உக்கார்றவங்களுக்கு அது நடக்கும்னு ரிவியூவர் கேப்பார், வீக்கம் இருக்கான்னு காட்டுற சிஆர்பி டெஸ்டும் சேர்த்துக்கோங்க. எச்பிஏ1சி எந்த மெத்தட்லன்னும் எழுதணும். வெறும் வயித்து சுகரோட குளுக்கோஸ் குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு பார்க்கிறதும் வேணும், அப்போ அந்தம்மாவுக்கு அரை நாள் பீடிக் கூலி போகுது, அதுக்கு ஈடு பட்ஜெட்ல போடுங்க. பட்ஜெட்ல மெஷின் கேக்காதீங்க, மெஷின் ஹோஸ்ட்ல இருக்கணும், நீங்க கேக்க வேண்டியது ரீஏஜென்ட், ஒரு பீல்டு ஆளோட சம்பளம், வண்டிச் செலவு, ஐஸ் பாக்ஸ். எதுக்கு எவ்வளவுன்னு ஒவ்வொண்ணுக்கும் காரணம். கிடைச்சதுக்கப்புறம் வருஷா வருஷம் பணம் எதுக்கு செலவாச்சுன்னு காட்டுற யூட்டிலைசேஷன் சர்டிபிகேட், அரசு நிதி விதிகள்ல (ஜிஎஃப்ஆர்) உள்ள 12-ஏ படிவம், அது போகாம அடுத்த தவணை வராது, பேங்க்ல விழுந்த வட்டியும் அரசாங்கத்துக்கே திருப்பிக் கட்டணும், இதெல்லாம் ஹோஸ்ட் ஆபீஸ் பார்த்துக்கும்னு விட்டுடாம பில் எல்லாம் நீங்களும் ஒரு காப்பி வச்சுக்கோங்க.

ரத்தம் குடுத்த எல்லாருக்கும் ரிப்போர்ட் கையில போகணும், ஹீமோகுளோபின் கம்மியா இருக்கிறவங்களை எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவீங்கன்னு பேர் சொல்லி எழுதுங்க. டெஸ்டுக்கு காசு வாங்கக் கூடாது, உங்க லேப் கஸ்டமரா இருந்தாலும்.

கே.வி.குப்பம் போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு பக்கம் எழுதுங்க, என்ன பார்த்தீங்க, என்ன கேக்கப் போறீங்க, யார்கிட்ட, எதை அளக்கப் போறீங்க. தமிழ்லயே எழுதி எனக்கு அனுப்புங்க, கன்சென்ட் பார்மையும் சேர்த்து. படிச்சுட்டு எங்க எல்லாம் இடிக்குதுன்னு எழுதுறேன்.