மின்வெட்டு உள்ள ஊரில் ஏஞ்சல் மீன் தொட்டிக்கு எந்த உயிர்ச்செடிகளை வைக்கலாம்?

ரங்கூனில் அடுக்குமாடி வீடு, மூன்றடித் தொட்டி, நான்கு ஏஞ்சல் குஞ்சுகள். கடைக்காரர் "உயிர்ச்செடி இங்கே தாங்காது, பிளாஸ்டிக்கே போதும்" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் சொல்வதில் பாதி உண்மை. எல்லாச் செடியும் தாங்காது. ஆனால் தாங்கும் செடிகள் இருக்கின்றன, ஏஞ்சலுக்குப் பொருந்துபவையும் பெரும்பாலும் அவையே. நான் ஆற்றுக்கு அக்கரையில் சிரியத்தில் இருக்கிறேன். உங்களுக்கு அடிக்கும் அதே வெயில்தான் எங்களுக்கும், மின்சாரமும் அதே இலட்சணம்தான்.

இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் "கொளத்தூர் மீன் சந்தைக்குப் போங்கள், செடிக்குக் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வாங்குங்கள், தினமும் எட்டு மணி நேரம் விளக்கு எரியட்டும்" என்றே பதில் வருகிறது. சென்னையில் இருப்பவருக்கு அது நல்ல யோசனை. எங்களுக்கு விளக்கு எரிவதே மின்சாரம் வரும் நேரத்தில்தான். பர்மாவில் இருந்து கேட்பவருக்கு அந்தப் பதில் எதற்கு உதவும்?

முதலில் மீனைப் பாருங்கள். ஏஞ்சல் தட்டையான மீன். மேலிருந்து கீழாகக் கறுப்புப் பட்டைகள் ஓடும். அமேசான் வெள்ளத்தில் மூழ்கிய மரக்கிளை, வேர்களுக்கு நடுவே நுழைந்து மறைந்து நிற்பதற்கு ஏற்ற உடம்பு அது. நன்றாக வளர்ந்த மீன், துடுப்புகளோடு சேர்த்து 20 சென்டிமீட்டர் உயரம் வரும். ஆகவே செடியும் நிமிர்ந்து உயரமாக நிற்க வேண்டும், பின்புறத்திலும் பக்கங்களிலும் மட்டும் இருக்க வேண்டும். நடுவில் மீன் திரும்புவதற்கு வெற்றிடம் கட்டாயம். புல்தரை போலப் பரவும் சிறு செடிகளுக்குப் பணம் செலவழிக்காதீர்கள். அவற்றுக்கு வேண்டிய கடும் வெளிச்சத்தை ஏஞ்சல் விரும்பாது.

என் தொட்டியில் முதலிடம் அமேசான் வாள் செடிக்கு. அகன்ற, நிமிர்ந்த இலை. வேர் வழியாகவே நிறையத் தின்னும் செடி என்பதால் மணல் மூன்று அங்குலமாவது இருக்கட்டும், வேரடியில் உர மாத்திரை புதையுங்கள். புதிய இலை வெளிறி வந்தால் பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவு. பண்ணையில் இதைத் தண்ணீருக்கு வெளியே வளர்த்து விற்பார்கள். அந்தப் பழைய இலைகள் தொட்டிக்கு வந்ததும் அழுகும். பதறிப் பிடுங்கி எறிய வேண்டாம், நடுவிலிருந்து புது இலை வரும். பின்சுவரை மறைக்க வாலிஸ்னேரியா. நம் கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மை அதற்குத் தொந்தரவே இல்லை. மரத்துண்டில் நூலால் கட்ட அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும். இவ்விரண்டின் தடித்த தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும். குறைந்த வெளிச்சத்தில் உயிரோடிருப்பதில் இவற்றை மிஞ்ச ஆள் இல்லை.

இனி, யாரும் சொல்லாத ஒன்று. செடியும் இரவில் ஆக்சிஜனை இழுக்கும். வெந்நீராகிப்போன ஏப்ரல் மாதத் தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. அதில் பம்பும் நின்றுவிட்டால், காடாகச் செடி வைத்த தொட்டியில் விடியற்காலை மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். படத்தில் பார்க்கும் பச்சைக் காடு நமக்கு வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். மெதுவாக வளரும் செடிகள் சில போதும். அவற்றால் உதவியும் உண்டு: வடிகட்டி நின்றிருக்கும் நேரத்தில் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவில் ஓரளவை அவை உறிஞ்சிக்கொள்கின்றன. பிளாஸ்டிக் அதைச் செய்யாது.

இதை நான் பெருமையோடு எழுதுவதற்குக் காரணம் உண்டு. போன திங்யானுக்கு (ஏப்ரலில் வரும் பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா) சற்று முன், என் ஜோடி வாள் செடியில் முட்டையிட்டது. காலையிலிருந்தே இரண்டும் ஒரே இலையைக் கொத்திக் கொத்தித் துடைத்துக்கொண்டிருந்தன. மூன்று விரல் அகல இலை. மாலையில் பெட்டை அடிவயிற்றை அதில் ஒட்டிக்கொண்டு கீழிருந்து மேலாக ஊர்ந்தது. போன தடத்தில் கடுகளவு முட்டைகள், தேன் நிறத்தில், வரிசையாக ஒட்டியிருந்தன. ஆண் அதே தடத்தில் பின்னாலேயே வந்தது. பிறகு பெட்டை அடுத்த வரிசைக்கு இறங்கியது. மின்சாரம் இல்லை, டார்ச் வெளிச்சத்தில்தான் பார்த்தோம். பேட்டரிப் பம்பு நள்ளிரவில் ஓய்ந்தது. அதன்பின் நானும் மனைவியும் மகனும் முறை வைத்து, தொட்டியின் மறுமூலையில் ஒரு குவளையால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தோம். மீன்கள் இலையை விட்டு நகரவில்லை. மாறி மாறி நெஞ்சுத் துடுப்பால் விசிறின, வெளுத்துப்போன முட்டையை வாயால் எடுத்து அகற்றின. மூன்றாம் நாள் குஞ்சு பொரித்தது. தாயும் தகப்பனும் குஞ்சுகளை வாயில் கவ்வி எடுத்து அனுபியாஸ் இலையில் ஒட்டவைத்ததை என் மகன் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டான்.

பிளாஸ்டிக் இலையிலும், ஏன், வடிகட்டிக் குழாயிலும்கூட ஏஞ்சல் முட்டையிடும். மறுக்கவில்லை. "காட்டில் ஏஞ்சல் வாழும் இடங்களில் செடியைவிட மரக்கிளைதான் அதிகம்" என்றும் ஒருவர் வருவார். சரிதான், அதனால்தான் மரத்துண்டு வைக்கச் சொல்கிறேன். அனுபியாஸ் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது என்பதும் தெரியும். நான் அமேசானின் நகலைச் செய்யவில்லை, மீன் நன்றாக இருக்கும் தொட்டியைச் சொல்கிறேன்.

போன முறை நான் இங்கே எழுதிய பதிலுக்குக் கீழே ஒருவர், "பர்மாவில் இருந்துகொண்டு இவ்வளவு நல்ல தமிழா!" என்று வியந்திருந்தார். பாராட்டாகத்தான் எழுதினார், ஆனாலும் மனம் வலித்தது. எங்கள் பாட்டன் இங்கே வயல் உழுதவர். கோயில் மண்டபத்தில் மாலை வகுப்பு வைத்து, சம்பளம் வாங்காத ஆசிரியர்கள் எங்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தார்கள். இன்றும் எங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். எங்கள் தமிழ் அதிசயமல்ல, உழைப்பு. செடியைப் பற்றிய பதிலில் இது எதற்கு என்று கேட்பீர்கள். எனக்குச் சொல்ல வேறு இடம் கிடைக்கவில்லை.

கடைக்குப் போகும்போது கவனமாக இருங்கள். இங்கே ஒரு கடையில் எனக்குத் தெரிந்தவருக்கு நீர்ச்செடி என்று சொல்லி அதிர்ஷ்ட மூங்கிலை விற்றார்கள். அது நிலத்துச் செடி. வேர் மட்டும் தண்ணீரில் இருந்தால் வாழும், இலையும் மூழ்கினால் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். குளத்திலிருந்து பேடாவை (ஆகாயத்தாமரையை) அள்ளிவந்து போடவும் வேண்டாம். வேரில் தும்பியின் இளம்புழு ஒளிந்திருந்தால் குஞ்சு மீனைப் பிடித்துத் தின்னும். உங்கள் மூன்றடித் தொட்டிக்கு ஒரு மூலையில் ஒரு வாள் செடி, பின்சுவரில் கைப்பிடி வாலிஸ்னேரியா, மரத்துண்டில் இரண்டு அனுபியாஸ் என்று தொடங்குங்கள். மீனைக் கொஞ்ச நாள் வேறு தொட்டியில் வைக்க முடிந்தால் செடி வேர் பிடித்த பிறகு விடுங்கள். முடியாவிட்டால் வாள் செடியின் அடியைச் சுற்றிக் கூழாங்கல் அடுக்குங்கள், அசையாது.