எம்மா நல்லவளா கெட்டவளா? "மேடம் பொவாரி" பாதில நிக்கிறவங்களுக்கு

கேள்வி: எம்.ஏ. இங்கிலீஷ் தபால்ல படிக்கிறேன் சார். சிலபஸ்ல "மேடம் பொவாரி" இருக்கு, மூணு தடவ ஆரம்பிச்சும் அம்பது பக்கம் தாண்டல. கதாநாயகி எம்மா மேல எரிச்சல்தான் வருது. அடிக்காத புருஷன், குழந்தை, வீடுன்னு எல்லாம் இருக்கு, அப்புறம் என்ன குறை? எக்ஸாமுக்கு ஒரு மாசம் இருக்கு, எப்படி படிக்கிறது?

பதில்: எரிச்சல் வரட்டும், பரவால்ல. உங்களுக்கு எம்மா மேல கோபம், எர்னெஸ்ட் பினார்னு ஒரு அரசு வக்கீலுக்கு எழுதினவர் மேலயே கோபம். 1856ல பத்திரிகைல தொடரா வந்த கதை, அடுத்த ஜனவரியே அத எழுதின பிரெஞ்சுக்காரர் ஃபிளாபேர் கோர்ட்ல நிக்கிறார், ஒழுக்கத்தையும் மதத்தையும் கெடுக்கிறார்னு கேஸ். பிப்ரவரி 7ல விடுதலை.

இந்த கேஸ்லயே உங்க பாடம் இருக்கு. கள்ளக் காதலன் ரொடோல்ஃப் கூட முதல் தடவ போயிட்டு வந்து எம்மா கண்ணாடி முன்னாடி நிப்பா, "எனக்கு ஒரு காதலன்! காதலன்!"னு திரும்பத் திரும்ப சொல்லிக்குவா, அவ முகமே அவளுக்கு அழகா தெரியும். அங்க வர்ற வரிகள் பலது ஆசிரியர் சொல்ற மாதிரியே இருக்கும், ஆனா நினைப்பு எம்மாவோடது, "அவள் நினைத்தாள்"னு மட்டும் கூட இருக்காது. வக்கீல் அத ஆசிரியரே கள்ள உறவ கொண்டாடுறார்னு படிச்சிட்டார். உங்க புரொஃபசர் ஃப்ரீ இன்டைரக்ட் ஸ்டைல்னு சொல்றது இததான். அதனால பென்சில் வச்சுக்கிட்டு, சந்தேகம் வர்ற இடத்துல எல்லாம் ஓரத்துல "இது யாரோட நினைப்பு?"னு மட்டும் எழுதுங்க, எம்மா நல்லவளா கெட்டவளான்னு தீர்ப்பு எழுத வேணாம்.

அம்பது பக்கத்துல ஏன் நிக்குதுன்னா, கதை எம்மாவோட புருஷன் சார்ல் சின்னப் பையனா இருந்த ஸ்கூல்ல, அவனோட அசிங்கமான தொப்பில ஆரம்பிக்குது, எம்மாவோட மனசுக்குள்ள போகவே அஞ்சு ஆறு அத்தியாயம் ஆகும். அத பொறுத்துக்கோங்க. முதல் பாகம் 9 அத்தியாயம், ரெண்டாவது 15, மூணாவது 11, மொத்தம் 35தான், தினம் ரெண்டு படிச்சாலே பதினெட்டு நாள்.

முதல் பாகத்துல ரெண்டு பொக்கே வருது, விட்டுடாதீங்க. புதுப்பொண்ணா வீட்டுக்குள்ள வர்றப்ப சார்லோட செத்துப்போன முதல் மனைவியோட கல்யாண பொக்கே அங்கயே இருக்கும், அவன் அத மாடிக்கு தூக்கிட்டு போவான், நான் செத்தா என்னோடத என்ன பண்ணுவாங்கன்னு இவ யோசிப்பா. பாகம் முடியிறப்ப இவளோட பொக்கேல இருக்கிற கம்பி விரல்ல குத்தும், எடுத்து நெருப்புல போட்டுடுவா, அது எரியறத பார்த்துட்டு நிப்பா. "சலிப்பு"ன்னு ஒரு பக்கம் லெக்சர் அடிக்கிறதுக்கு பதிலா இந்த ரெண்டையும் எழுதுங்க, போதும்.

"என்ன குறை"ன்னு கேட்டீங்களே, பிரான்ஸ்ல 1816லேர்ந்து 1884 வரைக்கும் டைவர்ஸே கிடையாது, கதை நடக்கிறது அந்த நடுவுல. பிடிக்கலன்னா வெளிய வர சட்டப்படி கதவே இல்ல. அவ கடைக்குத்தான் போக முடியும். ஒரே மாசத்துல நகம் சுத்தம் பண்ண எலுமிச்சம்பழத்துக்கு மட்டும் 14 ஃபிராங்க்! ஜவுளிக்காரன் லெரூ கடன் கொடுத்து புரோநோட்டு எழுதி வாங்குவான், பழசுக்கு பதிலா புதுசு, அதுமேல இன்னொண்ணு, அப்புறம் புருஷன்கிட்ட பவர் எழுதி வாங்க வைப்பான். (நம்ம ஊர் கந்துவட்டி தெரிஞ்சவங்களுக்கு இந்த பகுதி நோட்ஸ் இல்லாமயே புரியும்.) கடைசில 8,000 ஃபிராங்க், 24 மணி நேரத்துல கட்டணும். காதலர்கள் பேர விட லெரூ வர்ற பக்கங்கள குறிச்சு வைங்க, அவ சாக ஆர்சனிக் விஷம் எடுக்கிறதுக்கு முன்னாடி அவ துரத்தினது பணத்தைத்தான்.

ரெண்டாவது பாகம் எட்டாவது அத்தியாயம், விவசாயக் கண்காட்சி, அத மட்டும் ரெண்டு தடவ வாய்விட்டு படிங்க. மாடில ரொடோல்ஃப் காதல் வசனம், கீழ மைக் இல்லாத காலத்து அரசியல் கூட்டம், பரிசளிப்பு. நூறு தடவ போயிடலாம்னு நினைச்சேன், உங்க பின்னாடியே வந்தேன், நின்னுட்டேன்னு இவன் உருகுறான், அந்த நேரம் பார்த்து கீழ கத்துறாங்க, "எருவுக்கு!" ஆசிரியர் ஒரு வார்த்தை கமெண்ட் பண்ணல. எனக்கு தெரிஞ்சு இத விட நல்ல எக்ஸாம் உதாரணம் இந்த நாவல்லயே இல்ல.

எம்மா செத்ததோட மூடி வச்சுடாதீங்க, அதுக்கப்புறமும் மூணு அத்தியாயம் போகும். கடைசி வரி பூரா மருந்துக்கடை ஓமேவோடது, அவனுக்கு அரசாங்க மெடல் கிடைக்குது. கேள்வித்தாள்ல "நடுத்தர வர்க்கம்"னு வந்தா அங்கேர்ந்தே ஆரம்பிங்க.