பழைய வெர்ஷனில் அஞ்சு காசு உதைக்கிறது

கேள்வி: மளிகைக் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதி விற்கிறேன். இப்போது 3.2 ஓடுகிறது. தோட்டப் பக்கம் நான்கு கடைகள் மட்டும் இன்னும் 1.4-ஐ விடவில்லை. ‘மொத்தத்தில் அஞ்சு காசு உதைக்கிறது’ என்று வாட்ஸ்அப்பில் புகார். ‘அப்டேட் பண்ணுங்க அங்கிள்’ என்றால் கோபப்படுகிறார்கள். பழைய நிரலை நான் ஏன் கிளற வேண்டும்?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: கோபம் வராமல் என்ன செய்யும், தம்பி? 3.2-இல் அந்த அஞ்சு காசு சரியாக வருகிறதா என்று நீங்களே பார்த்ததாகக் கடிதத்தில் இல்லையே!

பில்லைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எனக்கு ஒரு சந்தேகம். மலேசியாவில் 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கத்துக்கு மொத்தத் தொகையைத்தான் அஞ்சு காசுக்கு ரவுண்ட் செய்கிறோம். உங்கள் 1.4 ஒவ்வொரு பொருளின் விலையையும் தனித்தனியாக ரவுண்ட் செய்கிறதோ? வெங்காயம் 3.33, பருப்பு 4.33, மிளகாய் 2.33. கூட்டினால் 9.99, வாங்க வேண்டியது பத்து வெள்ளி (ரிங்கிட்). பொருளுக்குப் பொருள் ரவுண்ட் செய்தால் 10.05 வரும்.

அதே பில்லை 3.2-இல் போட்டுப் பாருங்கள். அங்கேயும் தப்பு வந்தால் முதலில் 3.2-ஐத் திருத்திவிட்டு, அப்புறம் 1.4-க்குக் கொண்டுபோங்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை எழுதுகிறவர்களும் இதே வரிசையில்தான் செய்கிறார்கள். பழையதை மட்டும் திருத்தினால், அப்டேட் செய்த அன்றே அதே புகார் திரும்பி வரும். 3.2-இல் சரியாக இருந்தால், எந்த மாற்றத்தில் சரியானது என்று தேடி அதை மட்டும் எடுத்து 1.4.1 என்று கொடுங்கள். கூடவே புது வசதி எதையும் நுழைக்காதீர்கள், ஆசை வரும்.

எல்லாப் புகாருக்கும் இவ்வளவு மெனக்கெட வேண்டாம். காசு தப்பினாலோ கடன் கணக்கு காணாமல் போனாலோ பழையதிலும் திருத்தியே ஆகவேண்டும். எழுத்து சின்னதாகத் தெரிகிறது என்றால், ‘3.2-இல் சரி செய்தாயிற்று’ என்று பதில் போட்டு முடித்துவிடலாம். பதில் போடாமல் மட்டும் முடிக்காதீர்கள்.

அவர்கள் ஏன் மாறவில்லை என்றும் கேளுங்கள். கல்லாவில் இருப்பது விண்டோஸ் 7 என்றால், 2020 ஜனவரியிலேயே மைக்ரோசாஃப்ட் கைவிட்ட சரக்கு அது. அதில் உங்கள் 3.2 ஓடுமா?

1.4-க்கு ஒரு கடைசித் தேதியும் சொல்லிவிடுங்கள். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் தன் ஒரு வெளியீட்டை ஏறக்குறைய ஐந்து வருடம் தாங்குகிறது, ஆனால் அங்கே ஆள்பலம் உண்டு. உங்களுக்கு ஒரு வருடம் போதும். தேதியைத் தாளில் அச்சடித்துக் கல்லா பக்கத்தில் ஒட்டுங்கள். மாற்றிக் கொடுக்க நேரில் போகும்போது முதலில் கடன் கணக்குக்கு பேக்கப். சம்பளம் போட்ட வாரம் மட்டும் போகாதீர்கள், கடையில் நிற்கவே இடம் இருக்காது.