கடைசி நொடியில் வருபவர்

அன்புள்ள ஐயா,

கணினிக்கான பழைய மெக்கானிக்கல் கீபோர்டுகளைச் சேகரிக்கிறேன். இணைய ஏலத்தில் நாள் முழுவதும் நான்தான் முன்னணியில் இருப்பேன். முடிய சில நொடிகள் இருக்கும்போது யாரோ வந்து கொத்திக்கொண்டு போய்விடுகிறார். இது முறைதானா? வீட்டிலோ, “இருப்பது பத்து விரல்தானே?” என்கிறார்கள்.

கு.

அன்புள்ள கு.,

முறைதான். ஈபே போன்ற தளத்தில் நீங்கள் பதிவது உச்சவரம்பு. தளமே உங்களுக்காகப் படிப்படியாக ஏற்றிக் கேட்டு, அடுத்தவரின் உச்சத்துக்குச் சற்று மேலே நின்றுவிடும். இப்படி வென்றவர் ஏறக்குறைய இரண்டாவது பெரிய தொகையையே கட்ட வேண்டியிருக்கும் ஏலத்தில், பொருள் தனக்கு எவ்வளவு பெறுமோ அதை அப்படியே சொல்வதே லாபம் என்று பொருளியலாளர் வில்லியம் விக்ரி 1961இலேயே காட்டிவிட்டார். நீங்கள் செய்வது வேறு. மனத்தில் 100 இருக்கிறது, பதிவதோ 60. யாராவது மிஞ்சினால் ஏற்றிக்கொள்ளலாம் என்று காத்திருக்கிறீர்கள். அவர் கடைசி நொடியில் 65 கேட்கிறார். ஏற்ற உங்களுக்கு நேரமில்லை. அமேசான் முன்பு நடத்திய ஏலங்களில், கடைசிக் கட்டத்தில் யாராவது கேட்டால் நேரம் நீளும். அங்கே இந்தக் கடைசி நொடிப் பாய்ச்சல் குறைவாக இருந்ததைப் பொருளியலாளர்கள் ஆல்வின் ராத்தும் ஆக்செல் ஓக்கன்ஃபெல்ஸும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

விற்பவரும் லேசுப்பட்டவர் அல்ல. ஆரம்ப விலை 1 என்பது தூண்டில் புழு. முதலில் கேட்டவர் அதற்குள் மேசையில் இடம் ஒதுக்கிவிடுவார்; அப்புறம் அந்த இடம் காலியாகிவிடக் கூடாதே என்பதற்காகவே விலையை ஏற்றுவார். இவ்வளவும் எதற்கு? தட்டிப் பார்த்து, “ஆகா, என்ன ஓசை!” என்று சொல்ல. ஏலத் தொகையைக் கூட நாம் கைப்பேசியின் கண்ணாடியில்தான் அடிக்கிறோம். வீட்டாரின் கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை; விசைச் சத்தத்தில் காதில் விழவில்லை என்று சமாளித்துவிடுகிறேன்.

‘அரியது’ என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். 1985இல் வந்த ஐபிஎம் மாடல் எம் கீபோர்டு ஏராளமாகத் தயாரானது. அடிப்புறச் சீட்டில் 1391401 என்றிருந்தால் அது மிகப் பரவலான வகை. தயாரிப்புத் தேதியும் அங்கேயே இருக்கும். உள்ளே தகட்டைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் ரிவெட்டுகள் காலப்போக்கில் உடைந்து உதிரும். ஆட்டினால் கலகலக்கிறதா என்று விற்பவரைக் கேளுங்கள். அனுப்பும் கட்டணத்தையும் கழித்தே உங்கள் உச்சவரம்பை முடிவு செய்யுங்கள்: அது இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும் சாமான். ஏலத்தை 1இல் தொடங்கும் தாராள மனசுக்காரர்களில் சிலர் அந்தக் கட்டணத்தில்தான் வசூலித்துக்கொள்கிறார்கள்.