பட்டிக் கணக்கில் வரும் ‘மறி’ குட்டியா, பெண்ணாடா?

கேள்வி: காவேரிப்பட்டணத்தை அடுத்த சிற்றூரில் எங்கள் தாத்தா செம்மறி ஆடுகள் வளர்த்தார். அவருடைய பழைய நோட்டில் ஒரு பக்கத்தில், “கிடா 2, மறி 17, மூட்டுக்குட்டி 5, பால்குட்டி 8, ஆக 32” என்று எழுதியிருக்கிறது. அகராதியைப் பார்த்தால் ‘மறி’ என்பதற்கு ஆட்டுக்குட்டி என்றே முதற்பொருள் இருக்கிறது. தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் கன்னடம் பேசும் எங்கள் உறவினர்களும் குட்டியை ‘மரி’ என்கிறார்கள். குடும்ப வரலாறு ஒன்றை அச்சிட இருக்கிறோம். பேரப்பிள்ளைகளுக்குப் புரியும்படி ‘மறி’யைக் ‘குட்டி’ என்று மாற்றிவிடலாமா? எழுத்து ‘மறி’யா, ‘மரி’யா?

பதில்: மாற்றிவிடாதீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாற்றினால் உங்கள் தாத்தாவின் கணக்கே தவறாகிவிடும். அவர் எழுதிய ‘மறி’ குட்டியைக் குறிக்கவில்லை. ஈனும் பருவத்துப் பெண் செம்மறியைக் குறிக்கிறது. அகராதி சொல்வதும் பிழையன்று. ஒரே சொல் நெடுங்காலம் வழங்கிப் பொருள் விரிந்த கதை இது.

நோட்டின் அந்த ஒரு வரியை நிதானமாகப் படித்தாலே விடை கிடைத்துவிடுகிறது. பால்குட்டி 8 என்று தனியாக இருக்கிறது. மறி 17 என்பதும் குட்டிகள்தாம் என்று கொண்டால், அந்த எட்டுக் குட்டிகளுக்கும் பாலூட்டிய தாய் ஆடுகள் பட்டியில் எங்கே? கிடா இரண்டையும் மூட்டுக்குட்டி ஐந்தையும் கழித்தால் தாய் என்று சொல்ல ஓர் ஆடுகூட மிஞ்சாது. மறி என்பதைத் தாயாடு என்று கொள்ளும்போதோ, இரண்டு பொலிகிடா, பதினேழு தாயாடு, அவற்றில் சில ஈன்று பால் கொடுக்கும் நிலை, அடுத்து ஈன வளர்ந்து வரும் ஐந்து என்று ஒரு பட்டியின் இயல்பான அமைப்பு கண்முன் நிற்கிறது. ஆடு மேய்த்தவர் எழுதிய கணக்கு ஆட்டைப் போலவே உயிருள்ளது. அதைச் சொல்லகராதி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு திருத்தக் கூடாது.

இனி அகராதிப் பொருளுக்கு வருகிறேன். தொல்காப்பியத்தின் மரபியல் என்னும் பகுதி விலங்குகளின் இளமைப் பெயர்களை வகுக்கும்போது, “யாடும் குதிரையும் நவ்வியும் உழையும் ஓடும் புல்வாய் உளப்பட மறியே” என்கிறது. ஆடு, குதிரை, நவ்வி, உழை, புல்வாய் ஆகியவற்றின் இளையவை மறி எனப்படும் என்பது இதன் கருத்து. பின்னைய மூன்றும் மான் வகைகள். சிவபெருமான் கையில் ஏந்திய மானைத் தேவாரம் ‘மான்மறி’ என்று பாடுவது இந்தப் பொருளில்தான். குறுந்தொகையின் 362ஆம் பாட்டில், தலைவியின் நோய் தீரச் சிறுமறியைக் கொன்று பலியிட வந்த வேலனை, அதாவது முருகனுக்கு வெறியாடும் பூசாரியை, தோழி மடக்கிக் கேள்வி கேட்கிறாள். அங்கும் மறி என்பது ஆட்டுக்குட்டியே.

இன்று எல்லோரும் சொல்லும் ‘குட்டி’ அந்தக் காலத்தில் ஆட்டுக்குரிய பெயராகவே வகுக்கப்படவில்லை என்பதும் உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். மூங்கா, வெருகு, எலி, மூவரி அணில் ஆகிய நான்குக்கும் உரியது குட்டி என்கிறது அதே மரபியல். மூங்கா என்பது கீரி வகை, வெருகு காட்டுப்பூனை. காலப்போக்கில் குட்டி என்னும் சொல் ஆடு, யானை வரை பரவியது. அது வந்து அமர்ந்த இடத்தில் மறி இளமைப் பொருளை மெல்ல இழந்து, பெண்மைப் பொருளில் நிலைத்தது.

ஏன் பெண்மை? இது என் கருத்து: பட்டியில் பிறக்கும் கிடாக்குட்டிகளில் பெரும்பாலானவை வளர்வதற்குள் சந்தைக்கோ கோயிலுக்கோ போய்விடுகின்றன. பட்டியிலேயே தங்கி வளர்வது பெண்குட்டிதான். ஆகவே ‘மறி’ என்று சிறு வயதில் அழைக்கப்பட்டு, பெரிதான பிறகும் அதே பெயரோடு நிற்பது பெண்ணாடாகவே இருந்திருக்கும். இளமையைக் குறிக்கும் சொல் பெண்ணைக் குறிப்பது தமிழுக்குப் புதிதன்று. ‘நாகு’ என்பது இளமையையும் குறிக்கும், எருமை, பசு முதலியவற்றின் பெண்ணையும் குறிக்கும். பேச்சு வழக்கில் ‘குட்டி’ என்று சிறு பெண்ணைச் சொல்வதும் உண்டு.

உங்கள் தாத்தாவின் ‘மூட்டுக்குட்டி’யை இன்னும் கவனமாகப் பாதுகாக்க வேண்டும் என்பேன். மரபியலில் ‘மூடு’ என்பது பெண்ணாட்டின் பெயர்களில் ஒன்று. அச்சொல் எழுத்து வழக்கிலிருந்து மறைந்து வெகுகாலம் ஆயிற்று. ஆடு வளர்ப்பவர் வாயில் மட்டும் இன்றும் இருக்கிறது. குந்தாரப்பள்ளியில் வெள்ளிக்கிழமை கூடும் சந்தையில் ஒரு முறை, வயதான அம்மா ஒருவர் மூன்று மாதக் குட்டியின் முன்னங்கால்களுக்கு அடியில் கைகொடுத்துத் தூக்கி, அடிவயிற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “மூட்டுக்குட்டி, வளர்ப்புக்கு ஆகும்” என்று மகனிடம் சொன்னதைக் கேட்டேன். ஏட்டில் படித்துப் பழகிய சொல் அந்த விடியற்காலைக் குளிரில் என் காதில் விழுந்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. இன்னும் ஈனாத இளம் பெண்ணாடு என்றே உங்கள் நோட்டில் அதற்குப் பொருள் கொள்ளுங்கள்.

நாள்தோறும் நாம் சொல்லும் ‘செம்மறி’யிலும் இந்த மறிதான் இருக்கிறது. செம்மை நிறமுள்ள மறி, செம்மறி. தருமபுரி, சேலம் பகுதிகளில் வளர்க்கப்படும் மேச்சேரி இனத்தின் வெளிர்பழுப்பு நிறத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த அடைமொழியை விளக்க வேண்டியதில்லை. கத்தோலிக்கத் திருப்பலியில் “உலகின் பாவங்களைப் போக்கும் இறைவனின் செம்மறியே” என்று மன்றாடும்போது அச்சொல் குட்டியைக் குறிக்கிறது. மறியின் பழைய பொருள் அங்கே எஞ்சியிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

எழுத்தைப் பற்றிய உங்கள் கேள்விக்கு விடை எளிது: வல்லின றகரம் இட்டு ‘மறி’ என்றே எழுத வேண்டும். கன்னட ‘மரி’யும் இதுவும் ஒரே வேரிலிருந்து வந்தவைதாம். பழங்கன்னடத்தில் றகரத்துக்குத் தனி எழுத்து இருந்தது. பிற்காலத்தில் அது வழக்கொழிந்து ரகரத்தோடு கலந்துவிட்டதால் அவர்கள் இன்று ‘மரி’ என்கிறார்கள். நாய்க்குட்டிக்கு ‘நாயி மரி’, யானைக்கன்றுக்கு ‘ஆனே மரி’ என்று அங்கே சொல்வதால், இளமைப் பொருளைக் கன்னடமே நம்மைவிட நன்றாகக் காத்து வைத்திருக்கிறது. உங்கள் உறவினர்கள் சொல்வதும் தாத்தா எழுதியதும் முரண்படவில்லை. அவர்கள் முதற்பொருளையும் அவர் பிற்பொருளையும் வழங்குகிறார்கள். ஆனால் தமிழில் ‘மரி’ என்று எழுதினால் இறந்துபோ என்று பொருள்பட்டுவிடும். பட்டிக் கணக்கில் “மரி 17” என்று அச்சாகியிருந்தால், பதினேழு ஆடுகள் செத்துப்போயின என்று படிப்பவர் வருந்த நேரிடும்.

நோட்டின் வேறு பக்கங்களில் ‘மறித்தது’, ‘கிடை மறிக்க’ என்று வந்தால் அதை ஆட்டின் பெயரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது தடுத்தல், மடக்குதல் என்னும் பொருளுடைய வினைச்சொல். எருவுக்காக ஆடுகளை இரவில் ஒருவர் கொல்லையில் அடைத்து வைத்ததைக் குறிக்கும். அத்தகைய வரிக்குப் பக்கத்தில் பெரும்பாலும் நிலத்துக்காரர் பெயரும் இரவுகளின் எண்ணிக்கையும் கூலியும் இருக்கும்.

புத்தகத்தில் தாத்தாவின் வரியை எழுத்து மாறாமல் அச்சிட்டு, அதன் கீழேயே சிறிய எழுத்தில் “மறி: ஈனும் பருவத்துப் பெண் செம்மறி, மூட்டுக்குட்டி: இன்னும் ஈனாத இளம் பெண்ணாடு, பால்குட்டி: தாயிடம் பால் குடிக்கும் குட்டி” என்று பொருள் தாருங்கள். நீங்களே எழுதும் பகுதிகளில், சிறு பிள்ளைகள் படிக்கும் இடங்களில் ‘ஆட்டுக்குட்டி’, ‘தாயாடு’ என்று எழுதுவதில் குற்றமில்லை. வீட்டில் இன்றும் ஆடு வளர்க்கிறீர்கள் என்றால், வங்கிக் கடனுக்கோ காப்பீட்டுக்கோ கொடுக்கும் விண்ணப்பத்தில் மட்டும் ‘மறி’ என்று எழுதாமல் ‘பெண் செம்மறி ஆடு’ என்று வயதோடு குறிப்பிடுங்கள். அகராதியைப் பார்க்கும் அலுவலர் ஒருவர் அதைக் குட்டி என்று எண்ணி மதிப்பைக் குறைத்துவிட இடமுண்டு.