மரவீடு சரி, மூன்றாவது டாப்-அப் எதற்கு?

கேள்வி: எனக்கு 43 வயது. மாதச் சம்பளத்தை 100 என்று வைத்தால், வீட்டுக் கடன் தவணை 35, குடும்பச் செலவு 55. ஒன்பது வருடம் தவணை கட்டிவிட்டேன். நடுவில் கார் வாங்கவும் மைத்துனரின் தொழிலுக்கும் இரண்டு முறை டாப்-அப் (அதே வீட்டின் மேல் கூடுதல் கடன்) வாங்கியதால் இன்னும் 17 வருடம் பாக்கி. இப்போது மலையடிவாரத்தில் உருட்டு மரங்களை அடுக்கிக் கட்டும் மரவீடு ஒன்று கட்ட ஆசை. கிட் (தயாராக அறுத்து அனுப்பும் கட்டைத் தொகுப்பு) விலை 1,200, அதாவது ஒரு வருடச் சம்பளம். மூன்றாவது டாப்-அப் 9 சதவீத வட்டியில் தயார்; முதல் 2 வருடம் வட்டி மட்டும் கட்டினால் போதுமாம். நிலம் மைத்துனருடையது. வார இறுதிகளில் வாடகைக்கு விட்டால் மாதம் 15 வரும், தவணை தானாக அடைந்துவிடும் என்று அவர் அடித்துச் சொல்கிறார். மனைவிக்குத்தான் பயம். இறங்கலாமா?

பதில்: உங்கள் மனைவி பயப்படுவது சரி. ஆனால் பயப்பட வேண்டியது மரத்தைப் பார்த்து அல்ல.

மரவீட்டின் மேல் உங்களுக்கு ஆசை வந்ததில் தப்பே இல்லை. பருத்த கட்டைச் சுவர் பகல் வெப்பத்தை வாங்கி வைத்து மெதுவாக விடும். தீப்பிடித்தால்கூட தடித்த மரம் சட்டென்று எரிந்து முடியாது, நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் கருகும். ரஷ்யாவின் கிழி தீவில் 1714-இல் கட்டிய மரத் தேவாலயம் இன்றும் நிற்கிறது. ஆனால் அது நிற்பதற்காகப் பல வருடங்கள் பழுது பார்த்திருக்கிறார்கள். உங்கள் கணக்கில் விட்டுப்போனது அந்தப் பழுதுதான்.

கிட் என்பது வீடு அல்ல. பெரும்பாலும் அறுத்துச் சீவிய கட்டைகள், ஆணி, இடைவெளியை அடைக்கும் பொருள், கொஞ்சம் கதவு ஜன்னல், அவ்வளவுதான். அஸ்திவாரம், கூரை வேலை, குழாய், மின்சாரம், லாரி, கிரேன், ஆள்கூலி எல்லாம் வெளியே. முடிந்த வீடு கிட் விலையைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாது. நான் 2,600 என்று வைக்கிறேன். 9 சதவீதத்தில் 15 வருடத்துக்கு இதன் தவணை மாதம் 26. ஏற்கெனவே 35, குடும்பத்துக்கு 55. மொத்தம் 116. சம்பளம் 100. வட்டி மட்டும் சுமார் 2,150 போகும், ஏறக்குறைய 21 மாதச் சம்பளம்.

‘முதல் 2 வருடம் வட்டி மட்டும்’ என்கிற அழகான திட்டத்தையும் பார்த்துவிடுவோம். 1,200-க்கு மாதம் 9 கட்டுவீர்கள். இரண்டு வருடத்தில் 216 போயிருக்கும், கடனோ அதே 1,200 ஆக இருக்கும். இதைச் சலுகை என்று விற்பவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு.

வாடகை? மாதம் 15 என்பது எல்லா வார இறுதியும் நிரம்பினால். பாதி நிரம்பும் என்று வையுங்கள், 7 அல்லது 8. சுத்தம் செய்ய, பார்த்துக்கொள்ள ஆள் செலவு போக 5 அல்லது 6 தேறும். இனி பராமரிப்பு. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருந்தால் அழுகாது. அப்படி வைத்திருப்பதுதான் வேலையே. வெளிப்பூச்சை 3 முதல் 5 வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், வெயில் நேராக அடிக்கும் பக்கம் அதற்கும் முன்பே. காய்கிற மரத்தில் வெடிப்பு விழும். மேல்நோக்கித் திறந்த வெடிப்பில் மழைநீர் தேங்கும். கரையான், துளைக்கும் வண்டு, எறும்பு தனி. இன்னும் காயாத பச்சை மரத்தில் கட்டினால் முதல் சில வருடம் சுவரே கீழிறங்கும், 8 அடிச் சுவர் ஓரிரு அங்குலமோ அதற்கு மேலுமோ. ஜன்னல் மேல் இடைவெளி விட்டு, தூண்களின் உயரத்தைச் சரிசெய்யும் திருகு ஜாக்கியை அவ்வப்போது தளர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். இதெல்லாம் தெரிந்த தச்சர் பக்கத்தில் கிடைப்பதும் அரிது. நான் வருடத்துக்கு வீட்டு மதிப்பில் 2 சதவீதம் ஒதுக்கச் சொல்வேன், மாதம் 4-க்கு மேல். தீயணைப்பு நிலையம் தூரமென்றால் காப்பீடும் கூடும். வாடகை அங்கேயே தீர்ந்தது. 26 முழுதும் உங்கள் சம்பளத்தின் தலையில்.

இப்போது பழக்கத்துக்கு வருகிறேன். காருக்கு ஒரு டாப்-அப், மைத்துனருக்கு ஒன்று, இப்போது மரவீட்டுக்கு. கடன் கிடைக்கிறது என்பதையே வாங்குவதற்குக் காரணமாக வைத்துக்கொள்கிறீர்கள். மரவீடு வேறு மாதிரியான செலவாளி: நான்கு வருடம் சும்மா இருந்துவிட்டு ஒரே சமயத்தில் பெரிய தொகை கேட்கும். கையில் சேமிப்பு இல்லாத நீங்கள் அதற்கும் நாலாவது டாப்-அப் வாங்குவீர்கள். அப்புறம் அழுகிய கட்டையை மாற்ற ஐந்தாவது.

இன்னொன்றையும் யோசியுங்கள். மரவீட்டின் மேலேயே ஏன் கடன் தரவில்லை? அக்கம்பக்கத்தில் அதே மாதிரி வீடு விற்ற விலை இல்லாவிட்டால் மதிப்பிடுபவருக்குக் கஷ்டம்; பல வங்கிகள் தயங்கும். அதனால்தான் நீங்கள் குடியிருக்கும் வீட்டை அடகு வைக்கிறார்கள். மரவீடு விலை போகாவிட்டால் நஷ்டம் வங்கிக்கு இல்லை. அதுவும் மைத்துனர் பெயரில் உள்ள நிலத்தில்! பதிவு செய்த நீண்டகாலக் குத்தகையாவது இல்லாமல் ஒரு கட்டைகூட இறக்காதீர்கள். அவர் நல்லவராக இருக்கலாம், அவர் வாரிசுகளை உங்களுக்குத் தெரியாது.

உங்களிடம் மாதம் 10 மிஞ்சுகிறது. அதை முதலில் 540 ஆகும்வரை சேருங்கள். ஆறு மாதத் தவணையும் குடும்பச் செலவும் சேர்ந்த தொகை அது. நாலரை வருடம் ஆகும். நீளம்தான். நடுவில் விடுமுறைக்கு வாடகை மரவீட்டில் இரண்டு வாரம், குறிப்பாக மழைக்காலத்தில், தங்கிப் பாருங்கள்.

அதன் பிறகும் ஆசை இருந்தால் புது கிட் வேண்டாம். பத்து வருடமாவது ஆன பழைய மரவீடு தேடுங்கள். இறங்க வேண்டியது இறங்கி முடிந்திருக்கும், குறைகள் கண்ணில் படும். ஈரம் அளக்கும் மீட்டரோடு தெரிந்த ஒருவரை அழைத்துப் போங்கள். தரையை ஒட்டிய கீழ்வரிசைக் கட்டைகள், மூலைகள், கூரைத் தண்ணீர் தெறிக்கும் இடங்கள், இவற்றை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்கட்டும். உள்ளே இறங்கினால் விலையைக் குறைக்கப் பேச வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள்.

கிட் நிறுவனத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால் ரத்து செய்யும் விதியை இன்றே படியுங்கள். மரம் அறுக்கத் தொடங்கிய பின் பணம் திரும்பாது என்று அதில் ஒரு வரி இருக்கக்கூடும்.